இருபத்தெட்டு வாங்கினேன், மூணுதான் வருது

மோடம் விற்கிற தொழிலில் விற்பது ஒரு பெரிய காரியமே இல்லை. விற்றது அடுத்த வாரம் அதே பெட்டியில் திரும்பி வராமல் பார்த்துக்கொள்வதுதான் பிழைப்பு. யாரோ செய்த சாமானை யாருக்கோ விற்றுவிட்டு, நடுவில் நின்று திட்டு வாங்கிய அனுபவம் உங்களுக்கும் இருக்கும். நீங்கள் விற்றது மிக்சியோ, தண்ணீர் வடிகட்டியோ, இன்சூரன்சோ, எதுவானாலும் நாமெல்லாம் ஒரே கட்சி. வாருங்கள், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

நான் நின்ற இடம், மலாய்க்காரர்களும் சீனர்களும் தமிழர்களும் கலந்து வாழ்கிற பிரிக்பீல்ட்ஸில் ஒரு கம்ப்யூட்டர் கடை. இன்டர்நெட் ஊருக்குள் அப்போதுதான் நுழைந்திருந்த தொண்ணூறுகள். டெலிபோன் லைனைக் கம்ப்யூட்டரோடு சேர்த்து வைக்கிற சின்னப் பெட்டிதான் மோடம். கடைக்காரர் முத்தையா, எங்களுக்கு பாஸ். அவர் குடும்பம் முன்பு கிள்ளானில் துணிக்கடை வைத்திருந்தது. ரிப்பேர் பார்க்க கியோங். கிள்ளானில் தமிழ்க் குடும்பங்களுக்கு நடுவே வளர்ந்த சீனன், என்னைவிடச் சரளமாகத் தமிழில் திட்டுவான். மூன்றாவது ஆள் நான், ஸ்டெல்லா, செந்தூல் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். கடையின் பின்னறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து பில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். நான் நன்றாக இங்கிலீஷ் பேசுகிறேன் என்று யாரோ சொன்னதை நம்பி, பாஸ் என்னை மோடம் கவுண்டருக்குக் கொண்டுவந்தார்.

வியாதி என்ன என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மோடத்தின் வேகத்தைக் கம்பெனிக்காரன் பெட்டியின் மேல் செகண்டுக்கு எத்தனை ஆயிரம் பிட் என்று எழுதுவான். வீட்டில் கம்ப்யூட்டர் அதையே பைட்டில் காட்டும். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். சின்னதை எண்ணினால் நம்பர் பெரிசாகத் தெரியும், பெரிசை எண்ணினால் நம்பர் சின்னதாகத் தெரியும். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. பொய்க்காரி பட்டம் மட்டும் எனக்கு.

அந்தப் பாயிண்ட் ஆறு

முதலில் வந்தவர் சுபாங் ஜெயாவிலிருந்து மிஸ்டர் ஞானசேகரன். பேங்க் ஆபீசர். டை கட்டாத சனிக்கிழமையிலும் டை கட்டினவர் மாதிரியே பேசுவார். மோடத்தைக் கவுண்டரில் வைத்து, "இருபத்தெட்டு பாயிண்ட் எட்டுன்னு போட்டிருக்கு மிஸ். வீட்ல மூணுதான் வருது. மீதி இருபத்தஞ்சு எங்கே?" என்று கேட்டார். நானே தின்றுவிட்டேன் என்கிற மாதிரி என் முகத்தை வேறு பார்த்தார்.

எட்டு பிட், ஒரு பைட், எட்டால் வகுக்க வேண்டும் என்று பக்குவமாகச் சொன்னேன். மனிதர் படித்தவர், உடனே பிடித்துக்கொண்டார். வாய்க்குள்ளேயே வகுத்து, "மூணு பாயிண்ட் ஆறு" என்றார். அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள் அடுத்த கேள்வி வந்தது. மூணு பாயிண்ட் ஆறு வர வேண்டிய இடத்தில் ஏன் மூணு வருகிறது? டெலிபோன் லைன் பழசு, இரைச்சல் இருக்கும், வழியில் கொஞ்சம் வீணாகும் என்று விளக்கினேன்.

அவர் கேட்கத் தயாராக இல்லை. மோடத்தை என் பக்கமாகத் தள்ளினார். கணக்கு சரியான பிறகு போன் பண்ணு, வந்து எடுத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் பணத்தைத் திருப்பிக் கொடு என்று சொல்லிவிட்டு வாசல்வரை போனவர், திரும்பிப் பார்த்தார். "இருபத்தஞ்சைக் கூட விட்டுடறேன். எனக்கு அந்தப் பாயிண்ட் ஆறு எங்கேன்னு தெரியணும்."

ஸ்டாக் இருக்கு

அடுத்தவர் மளிகைக்கடை வீரப்பன் அண்ணன். அவரும் இதே மூணோடுதான் வந்தார். ஆனால் சண்டை போடும் ஆள் இல்லை, தங்கமான மனுஷன். நான் சொல்லச் சொல்ல உம் கொட்டிக் கேட்டார். எட்டால் வகுக்க வேண்டும் என்றதும் நெடுநேரம் யோசித்தார். பிறகு, "அப்ப இருபத்தெட்டு முழுசா வரணும்னா நான் எட்டு மோடம் வாங்கணும், இல்லையாம்மா?" என்றார்.

இல்லண்ணே என்று நான் வாயைத் திறப்பதற்குள், உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த பாஸ் கை கழுவாமலே எட்டிப் பார்த்தார். "ஸ்டாக் இருக்கு, வாங்க."

பிறந்த வீட்டு அலமாரி

இப்படி வருகிறவர்கள் எல்லாம் மோடத்தை எங்களிடமே விட்டுவிட்டுப் போனார்கள். பழுது ஒன்றும் இல்லாத சாமான், ஆனால் சொந்தக்காரர் எடுக்க மாட்டேன் என்கிறார். கவுண்டருக்குப் பின்னால் இருந்த அலமாரியில் அவற்றை அடுக்கினேன். புருஷனோடு கோபித்துக்கொண்டு வந்த பெண்கள் மாதிரி பெட்டியும் படுக்கையுமாக உட்கார்ந்திருந்தன. பிறந்த வீட்டு அலமாரி என்று கியோங் பெயர் வைத்தான். அது நாளுக்கு நாள் நிரம்பியது.

ஒருநாள் பாஸ் அந்த அலமாரி முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றார். அவர் அப்பா காலத்தில் கஜத்தை ஒழித்து மீட்டர் கொண்டு வந்தபோதுகூட ஒருத்தரும் துணியைத் திருப்பிக் கொண்டு வரவில்லையாம். நான் எட்டைப் பற்றி அவருக்கும் சொல்லிப் பார்த்தேன். "பிட்டாவது பைட்டாவது" என்று கையை உதறினார். தீபாவளிக்குள் இந்த அலமாரி காலியாக வேண்டும், ஒரு பெட்டி மிச்சம் இருந்தாலும் மோடம் வியாபாரம் வேண்டாம், கவுண்டரில் போட்டோஸ்டாட் மெஷின் போட்டுவிடுவேன் என்றார். அப்புறம் நான்? பழையபடி பின்னறை, பழையபடி சுவர்.

வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு அந்தக் கவுண்டர் ரொம்பப் பிடித்திருந்தது. திட்டுகிறவர்கள்கூட மனிதர்கள்தானே, முகம் பார்த்துப் பேசலாம். சுவரோடு என்ன பேசுவது? அதோடு, செந்தூல் சர்ச்சில் எங்கம்மா என்னைக் 'கம்ப்யூட்டர் எஞ்சினியர்' என்று வேறு சொல்லி வைத்திருந்தார். பாஸ் போகிற போக்கில் சொன்னது வேறு காதிலேயே நின்றது. "மெஷின் பழுதுன்னா மெஷினை மாத்திக் குடுக்கலாம் ஸ்டெல்லா. கணக்கு பழுதுன்னா நான் எதை மாத்திக் குடுக்கிறது?"

கேள்வி தப்பு

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். இனி விற்கிற ஒவ்வொரு பெட்டியிலும் 'எட்டால் வகுக்கவும்' என்று ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டால் தீர்ந்தது. மூன்று மொழியில் டைப் அடித்து, பசை தடவி, அழகாக ஒட்டினேன். இதற்குப் பிறகு எவன் வந்து கேட்கிறான் பார்க்கலாம் என்று தெம்பாக இருந்தேன்.

காகிதம் ஒட்டின முதல் பெட்டியை வாங்கிப் போன ரெஜினா டீச்சர் கிள்ளானிலிருந்து போன் பண்ணினார். ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகன் பேரப்பிள்ளையின் படத்தை அனுப்பியிருக்கிறான், அதை இறக்குகிற வேகம் அரையைக்கூடத் தொடவில்லை என்று ஒரே புலம்பல். அரையா? நான் பதறிப்போய் திரையில் என்ன நம்பர் தெரிகிறது என்று கேட்டேன். மூணு என்றார். பிறகு ஏன் அரை என்கிறீர்கள் என்றால், மூணை எட்டால் வகுத்தாராம். திரையில் தெரிவது ஏற்கெனவே வகுத்த கணக்கு, அதை மறுபடி வகுக்கக் கூடாது, பெட்டியில் இருக்கிற நம்பரைத்தான் வகுக்க வேண்டும் டீச்சர் என்று கெஞ்சினேன்.

வகுப்பறைக் குரலில் வந்தது தீர்ப்பு. "நான் ரிட்டயர் ஆகிற வரைக்கும் கணக்கு டீச்சர்மா. எட்டால வகுன்னா வகுப்பேன். எதை வகுக்கிறதுன்னு கேள்வியில போட்டியா? கேள்வி தப்பு, எனக்கு முழு மார்க் குடுத்துடு."

பண்டமாரான் எக்ஸ்பிரஸ்

பண்டமாரானில் பாலா அண்ணன் போர்ட்டுக்குச் சாமான் ஏற்றி இறக்கும் கம்பெனி வைத்திருந்தார். ஆபீசிலிருந்து போர்ட்டில் இருக்கும் இன்னொரு ஆபீசுக்குக் கப்பல் பத்திரங்களை மோடம் வழியாக அனுப்ப ஆசைப்பட்டார். நானும் கியோங்கும் நேரில் போய்ப் பொருத்திக் கொடுத்தோம். அவரே பெட்டியில் இருந்த நம்பரை வைத்துக் கணக்குப் போட்டு, காப்பி குடித்து முடிப்பதற்குள் எல்லாம் போய்விடும் என்று குமாஸ்தாக்களிடம் பந்தா விட்டிருக்கிறார். காப்பி முடிந்தது, ரொட்டி சானாய் முடிந்தது, பத்திரம் இன்னும் கால்வாசிகூடப் போகவில்லை. கப்பல்காரன் போன் பண்ணிக் கத்துகிறான். பாலா அண்ணன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஆண்டவரே.

கடைசியில் அவர் பத்திரங்களைப் பத்து பிளாப்பி டிஸ்கெட்டில் ஏற்றி, ஒரு ஆளிடம் கொடுத்து மோட்டார் சைக்கிளில் விரட்டினார். கால் மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டது. கியோங் சும்மா இருந்திருக்கலாம். மோட்டார் போன நேரத்தையும் டிஸ்கெட்டில் ஏறிய சரக்கையும் வைத்து, எட்டால் பெருக்கி, அந்த மோட்டாரின் வேகம் நூற்றி இருபத்தெட்டு கிலோபிட் என்று அறிவித்தான். எங்கள் கடையில் இருந்த எந்த மோடமும் அதற்குப் பக்கத்தில் வர முடியாது. பாலா அண்ணன் மோடத்தைக் கழற்றி அப்போதே என் மடியில் வைத்தார். அலமாரிக்கு இன்னொரு பெட்டி.

திரும்பி வரும் வழியில் வேனில் நான் கியோங்கோடு பேசவில்லை. கொட்டு கொட்டென்று மழை பிடித்துக்கொண்டது. ரோட்டோரம் பாலத்துக்கு அடியில் மோட்டார்க்காரர்கள் வரிசையாக ஒதுங்கி நின்றார்கள். அவர்களில் அடுத்த நடை கிளம்பிய பாலா அண்ணனின் ஆளும் டிஸ்கெட் பையோடு நின்றுகொண்டிருந்தார். கியோங் அவரைக் காட்டி என்னைச் சமாதானப்படுத்தப் பார்த்தான். "பார்த்தியா அக்கா, மழை வந்தா அதுவும் லைன் கட்டுதான் லா."

மைல்

எங்கள் செந்தூல் பக்கத்து வீட்டு தேவா அங்கிளிடம் ஒரு பழைய கார் இருந்தது. அதன் மீட்டர் மைல் காட்டும், ரோட்டுப் பலகை கிலோமீட்டர் சொல்லும். அவர் எனக்கு ஒருநாள் லிஃப்ட் கொடுத்தபோது முள் ஐம்பதில் நின்றது, வேக எல்லைப் பலகையில் எண்பது. அங்கிள் பாட்டுக்கு நிம்மதியாக ஓட்டினார், நான் பாட்டுக்குத் துள்ளினேன். அடடா, இதுதானே நான் தேடிய உதாரணம். ஒரே ஓட்டம், இரண்டு நம்பர்.

மறுநாள் மோடத்தைத் திருப்ப வந்த ஒரு காலேஜ் மாணவியிடம் அதை அவிழ்த்துவிட்டேன். மைல் மீட்டர், கிலோமீட்டர் பலகை, பழைய கார், எல்லாம் கை காலை ஆட்டிச் சொன்னேன். அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு பெட்டியை அலமாரியில் அவளே வைத்துவிட்டு, ரொம்பக் கரிசனமாகக் கேட்டாள். "மைல் எல்லாம் எங்கப்பா காலம் ஆச்சேக்கா. நீங்க பார்க்க அவ்வளவு வயசா தெரியலையே?"

கார்டு கணக்கு

தீபாவளிக்கு முந்தின ஆவணி மாதம் பாஸின் மூத்த மகளுக்குக் கல்யாணம் வைத்தார்கள். கிள்ளானில் மண்டபம். கடையே கல்யாண வீடு ஆகிவிட்டது. பாஸின் மனைவி, நாங்கள் ஆச்சி என்று கூப்பிடுவோம், என் கவுண்டரில் அழைப்புக் கார்டுகளைப் பரப்பி மஞ்சள் தடவிக்கொண்டிருப்பார். இதற்கு நடுவே போட்டோஸ்டாட் மெஷின்காரன் ஒருத்தன் டேப்போடு வந்து என் கவுண்டரை அளந்துவிட்டுப் போனான். அவன் போன பிறகு நான் அந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்று மத்தியானம் பாஸ் சமையல்காரரோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். முந்நூறு கார்டு அடித்திருப்பதாக இவர் சொல்ல, அந்தப் பக்கம் அந்த ஆள் முந்நூறு இலை போதுமா என்று கேட்டிருக்கிறார். பாஸுக்கு வந்ததே கோபம். "என்னய்யா, தொழிலுக்குப் புதுசா? கார்டு கணக்கு வேற, இலை கணக்கு வேற. ஒரு கார்டு குடுத்தா ஒருத்தனா வரான்? பொண்டாட்டி, புள்ளைங்க, மாமியார், கொழுந்தியா, ஒரு வேன்ல எட்டுப் பேர் இறங்குவான்." பக்கத்தில் ஆச்சி மஞ்சள் கையோடு, "எட்டுக்குக் குறையாது" என்று தலையாட்டினார்.

எட்டு. என் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. பாஸ் போனை வைக்கும்வரை காத்திருந்து, அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "பாஸ், பிட்டுங்கிறது இலை. பைட்டுங்கிறது கார்டு. பெட்டியில கம்பெனிக்காரன் இலை கணக்குப் போட்டிருக்கான். வீட்ல கம்ப்யூட்டர் கார்டு கணக்குச் சொல்லுது. வந்த கூட்டம் ஒண்ணுதான்" என்றேன்.

பாஸ் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். ஒரு செகண்டுக்கு இருபத்தெட்டாயிரத்து எண்ணூறு இலை என்று முணுமுணுத்தார். கண்ணை மூடித் திறந்து, மூவாயிரத்து அறுநூறு கார்டு என்றார். காகிதம் இல்லை, கால்குலேட்டர் இல்லை, வியாபாரக் குடும்பத்து மூளை. அப்புறம் என்னை முறைத்தார். "இதை இத்தனை நாளா ஏன் தமிழ்ல சொல்லல நீ?"

மேசைக்குப் பத்து

அதற்குப் பிறகு பாஸைப் பிடிக்க முடியவில்லை. என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அலமாரியில் இருந்த பெட்டிகளின் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அவரே போன் போட்டார். வந்தவர்களுக்கெல்லாம் ஒரு கல்யாணக் கார்டைத் தூக்கிக் காட்டிப் பிரசங்கம். கல்யாணம் காட்சி பார்த்த தமிழன் யாருக்குத்தான் கார்டும் இலையும் தெரியாது? மளிகைக்கடை வீரப்பன் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு மோடத்தை எடுத்துப் போனார். பாலா அண்ணன் எடுத்துப் போனார். காலேஜ் மாணவியும் எடுத்துப் போனாள். பெட்டிகள் ஒவ்வொன்றாகப் புருஷன் வீட்டுக்குக் கிளம்பின. நான் நின்றுகொண்டே பார்த்தேன், ஏனென்றால் உட்கார இடமில்லை. அலமாரியைக் காலி செய்யப் போய் நாற்காலியும் போய்விடும் போலிருந்தது.

கியோங் ஒருநாள் முழுக்கப் பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு ஒரு சந்தேகம் எழுப்பினான். சீனக் கல்யாணத்தில் விருந்து மேசைக் கணக்கு, மேசைக்குப் பத்துப் பேர். அப்படியென்றால் சீனன் வந்து கேட்டால் பத்தால் வகுப்பதா? பாஸ் அதெல்லாம் கூடாது என்றார். இவன் கேட்காமல் வகுத்தே பார்த்துவிட்டான். பிறகு எங்கள் டெஸ்ட் லைனில் திரையைக் காட்டினான். "பத்தால வகுத்தா ரெண்டு பாயிண்ட் எட்டு எட்டு. ஸ்கிரீன்ல மூணு. பாஸ், உங்க கல்யாணத்தைவிட எங்க கல்யாணம்தான் கரெக்டு லா."

வெள்ளிக்கிழமை

கடைசியில் அலமாரியில் ஒரே ஒரு பெட்டி மிஞ்சியது. சுபாங் ஜெயா மிஸ்டர் ஞானசேகரனுடையது. பாஸ் அவருக்கும் போன் போட்டு கார்டு, இலை, எல்லாம் சொன்னார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அதெல்லாம் தனக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது, அந்தப் பாயிண்ட் ஆறுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்றாராம். பாஸ் போனை வைத்தார். "ஒரு பெட்டி இருந்தாலும் இருக்கிறதுதான். சொன்ன சொல் சொன்னதுதான்" என்று என்னிடம் சொல்லிவிட்டார். மெஷின்காரனிடம் வாக்கும் கொடுத்திருந்தார். ஆனாலும் வியாபாரி இல்லையா, ஞானசேகரனுக்கு ஒரு கல்யாணக் கார்டும் அனுப்பி வைத்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரவேற்பு. கிள்ளான் மண்டப வாசலில் நான் சந்தனமும் கல்கண்டும் நீட்டினேன், கியோங் பன்னீர் தெளித்தான், பக்கத்தில் பாஸ் பட்டு வேட்டியில் கும்பிட்டபடி. ஒரு வேன் வந்து நின்றது. முதலில் மிஸ்டர் ஞானசேகரன் இறங்கினார், நிஜமாகவே டை கட்டியிருந்தார். பின்னால் அவர் மனைவி. பிறகு மூன்று பிள்ளைகள், இரண்டு கொழுந்தியாள்கள், கடைசியாக மெதுவாக மாமியார். நான் மனதுக்குள் எண்ணினேன். பாஸும் எண்ணுகிறார் என்று அவர் உதடு அசைந்ததிலேயே தெரிந்தது. என்ன பார்க்கிறீர்கள் என்று ஞானசேகரன் கேட்க, பாஸ் கும்பிட்ட கையை இறக்காமல், "ஒண்ணுமில்ல சார், ஒரு பைட் முழுசா வந்திருக்கு" என்றார். மனிதர் சிரிக்கவே இல்லை.

பந்தியில் எட்டுப் பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். எட்டு இலை விழுந்தது. நான் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் அங்கேயே சுற்றினேன். பொரியல் வந்தது, கூட்டு வந்தது, சோறு வந்தது. மாமியாரின் இலைக்கு வந்தபோது அந்த அம்மா இரண்டு கையாலும் இலையை மூடிக்கொண்டு, "வேணாம்ப்பா, எனக்கு வெள்ளிக்கிழமை விரதம். ஒரு வாழைப்பழம் போதும்" என்றார். பரிமாறுகிறவர் தாண்டிப் போனார். சாம்பாரும் தாண்டிப் போனது, ரசமும் தாண்டிப் போனது. ஞானசேகரன் பிசைந்த சோற்றோடு அந்தக் காலி இலையைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். மறுபடி இலையைப் பார்த்தார். வந்தது எட்டு, சாப்பிடுவது எட்டு இல்லை. அவர் இடது கையால் என்னைக் கிட்டே கூப்பிட்டார். குனிந்தேன். மாமியார் காதில் விழாதபடி, பேங்க் ரகசியம் மாதிரிச் சொன்னார். "திங்கக்கிழமை வந்து மோடத்தை எடுத்துக்கறேன் மிஸ். அந்தப் பாயிண்ட் ஆறு எங்க மாமியார்தான்."

நாற்காலி

சொன்னபடியே திங்கட்கிழமை வந்தார், எடுத்துக்கொண்டு போனார். பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் ரோட்டைத் தாண்டும்வரை நானும் கியோங்கும் வாசலில் நின்று பார்த்தோம். அலமாரி துடைத்து வைத்த மாதிரி காலியாக இருந்தது. போட்டோஸ்டாட் மெஷின் வரத்தான் செய்தது. அது பின்னறைக்குப் போய் என் பழைய சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது.

மாமியார் சமாச்சாரத்தை நான் பாஸிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு நாற்காலியை விட்டு எழுந்து, தோளில் கிடந்த துண்டால் அதை ஒரு தட்டுத் தட்டி, என் பக்கம் திருப்பி வைத்தார். நான் உட்கார்ந்தேன். எனக்குக் கண் கலங்கியதை அவர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார். "நீயே உக்காரு. கார்டு வரைக்கும்தான் எனக்குக் கணக்கு வரும். மாமியார் வரைக்கும் போற கணக்குக்கு நான் ஆளில்லை."

இன்றைக்கும் யாராவது வாங்கின வேகத்துக்கும் வருகிற வேகத்துக்கும் கணக்கு உதைக்கிறது என்று சண்டைக்கு வந்தால் நான் எட்டையும் பத்தையும் பற்றிப் பேசுவதே இல்லை, வீட்டில் மாமியார் இருக்கிறாரா என்று மட்டும் கேட்கிறேன்.